ஐஸ் உருகிய பெட்டியில் ஊசி மருந்து வந்தால்?

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடலிமுமாப் 40 மி.கி. ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமாம். சிரிஞ்சாகவும் வருகிறது, பேனா மாதிரியும் வருகிறது. பேனாவுக்கு விலை கூடச் சொல்கிறார்கள். அது தண்டச் செலவா? ஆன்லைனில் வாங்கலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: அம்மாவிடம் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பாதி விடை அதிலேயே தெரிந்துவிடும். சிரிஞ்சென்றால் கட்டைவிரலால் கடைசிச் சொட்டு வரை தள்ள வேண்டும். விரல் வீங்கியவர்களுக்கு அதுதான் பாடு. பேனாவைத் தொடையில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் மருந்தைத் தள்ளிவிடும். ஆனால் அதன் மூடியை இழுத்துக் கழற்றவும் கையில் பிடி வேண்டும். சிலவற்றில் பொத்தான் அமுக்க வேண்டும், சிலவற்றில் அது இல்லை. மருந்தில்லாத பயிற்சிப் பேனா இருக்கிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள், அம்மாவே அழுத்திப் பார்க்கட்டும். ஊசி போடப்போவது நீங்கள்தான் என்றால் சிரிஞ்சே போதும். இரண்டிலும் மருந்து ஒன்றுதான். இன்சுலின் பேனா மாதிரி மருந்து மாற்றிப் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு தடவையோடு சரி.

2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் எக்ஸெம்ப்டியா என்ற பிராண்டைக் கொண்டுவந்தது. ஒரிஜினல் பிராண்டான ஹுமிராவுக்கு மாற்றாக உலகிலேயே முதலில் வந்த அடலிமுமாப் அதுதான். இப்போது பல பிராண்டுகள் இருப்பதால் நாலு கடையில் விலை விசாரிக்கலாம். ஆனால் "அது ஸ்டாக் இல்லை, இதைப் போடுங்க" என்று கடைக்காரர் மாற்றித் தந்தால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்குவது பற்றி எனக்குப் பட்ட அனுபவம் உண்டு. என் அண்ணிக்கு ஒரு கடையிலிருந்து வந்த தெர்மகோல் பெட்டியைத் திறந்தால், ஜெல் பேக் வெதுவெதுவென்று கையில் குழைந்தது, மருந்து அட்டை நமுத்திருந்தது. டெலிவரி பையன் தெருமுனை தாண்டிவிட்டான். பணம் திரும்ப வாங்க மூன்று வாரம் அலைந்தோம். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடுபட்டாலும் உறைந்தாலும் வீண்தான், ஆனால் பார்க்கத் தெளிவாகவே இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒரிஜினல் ஹுமிராவை 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்பார்கள். விருதுநகர் மே மாதத்தில் 25 டிகிரிக்கு எங்கே போவது? அதனால் உள்ளூர்க் கடையில் சொல்லிவைத்து, ஐஸ் பெட்டியோடு நீங்களே போய் வாங்குவதுதான் என் கட்சி. ஆன்லைன்தான் என்றால் டெலிவரி ஆள் முன்னாலேயே திறந்து, படம் எடுங்கள். சரியில்லையா, திருப்பி அனுப்புங்கள். பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கட்டும். கடை மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

முதல் தடவையே மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். காசநோய், மஞ்சள் காமாலை பி பரிசோதனை முடிவு வந்தபிறகு வாங்கினால் போதும். வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் அட்டையோடு வையுங்கள், ஃபிரீசரை ஒட்டி வேண்டாம். போடுவதற்கு அரைமணி முன்பு வெளியே எடுத்துவைத்தால் எரிச்சல் குறையும், வெந்நீரில் போட்டுச் சூடாக்கக் கூடாது. அன்று காய்ச்சல் இருந்தால் ஊசியை நிறுத்திவைத்து டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

போட்டு முடித்த பேனாவைக் குப்பைப் பையில் எறியாமல், மூடியுள்ள கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.