முருங்கைப் பொடி இருக்க மாத்திரை எதற்கு?

கேள்வி: மகளுக்கு ஆறாம் மாதம். ஹீமோகுளோபின் 9.2. சத்து மாத்திரை போட்டால் வயிறு பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. தெரிந்தவர் ஒருவர் முருங்கைக்கீரைப் பொடி விற்கிறார். ‘நூறு கிராமில் 28 மில்லிகிராம் இரும்பு, குடும்பமே சாப்பிடலாம்’ என்கிறது நோட்டீஸ். மாத்திரையை நிறுத்திவிடலாமா? – வாசகி, குடியாத்தம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

அந்த நோட்டீஸ் கணக்கையே வைத்துக்கொள்வோம். தினம் ஒரு ஸ்பூன், ஐந்து கிராம் பொடி என்றால் இரும்பு 1.4 மில்லிகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60. நூறு கிராம் கணக்கைக் கொட்டை எழுத்தில் போடுபவர்கள் ஸ்பூன் கணக்கைப் போடவே மாட்டார்கள். கொல்லையில் சும்மா கிடைக்கிற இலையைக் காயவைத்து, வைட்டமின் சி-யில் பெரும்பகுதியைப் போக்கி, டப்பாவில் அடைத்து நமக்கே விற்கிறார்கள். தெரிந்தவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

மலம் கறுப்பது மாத்திரையில் உள்ள இரும்பால்தான். இதைச் சொல்லாமல் மாத்திரை அட்டையை மட்டும் கையில் திணித்து அனுப்பினால் மாத்திரை குப்பைக்குத்தான் போகும். கால்சியம் மாத்திரையையும் கூடவே தருகிறார்கள். இரண்டையும் ஒரே வேளையில் போட்டால் இரும்பு சரியாகச் சேராது என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? வயிறு பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும். டீ, காபி ஒரு மணி நேரம் தள்ளி. 9.2-க்குத் தினம் இரண்டு மாத்திரை என்பது அரசு நெறிமுறை. ஒன்றுதான் எழுதியிருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

கீரை வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்புக்கு வழியில்லாமல் குப்பைக்கீரையை வேகவைத்துத் தின்ற குடும்பம் புறநானூற்றிலேயே உண்டு. வடாற்காட்டில் களிக்குக் கீரைக் கடைசல் இன்றும் துணை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, நூறு கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இரும்பு சுமார் 4.5 மில்லிகிராம், கால்சியம் 300-க்கு மேல். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அந்த இரும்பு கொஞ்சம் கூடுதலாக உடம்பில் சேரும்.

‘குடும்பமே சாப்பிடலாம்’ என்பதுதான் எனக்கு உதைக்கிறது. வீட்டில் யாராவது இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுக்கிறார்களா? கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அவர்கள் கீரையை அடியோடு விடவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். வாரத்துக்கு வழக்கமாக எவ்வளவோ, அவ்வளவே. திடீரென்று தினம் ஸ்பூன் ஸ்பூனாகப் பொடி சேர்ந்தால் அளவு தப்பி, வால்வில் ரத்தம் கட்டிவிடலாம். ஏற்கெனவே பொடி தின்றிருந்தால் மாத்திரையின் அளவைத் தாங்களே மாற்றாமல், டாக்டரிடம் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.