பொழுது சாயும் முன் வண்டியை நிறுத்துங்கள்: டாஸ்மேனியா பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள டாஸ்மேனியா தீவை வாடகைக் காரில், தாங்களே ஓட்டிச் சுற்றிவர விரும்பும் வாசகர்களின் கடிதங்களில் நான்கு இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: ஏப்ரல் கடைசி வாரத்தில் நானும் கணவரும் கல்லூரியில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இருவரும் எட்டு இரவுகள் டாஸ்மேனியாவில் தங்கப் போகிறோம். தீவு சிறியதாகத் தெரிவதால், ஹோபார்ட் நகரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தினம் ஓர் இடமாகப் போய்த் திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். அது சரிவருமா?
– வாசகி, திருச்சி

பதில்: சரிவராது, அம்மா. ஆஸ்திரேலியா என்னும் கண்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் அது சிறிய தீவாகத் தெரிகிறது; பரப்பில் ஏறத்தாழ இலங்கை அளவு இருக்கும். மக்களோ ஆறு லட்சத்துக்கும் குறைவு. நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, 1982 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ள காட்டுப் பகுதி. அதன் தென்மேற்கில் பெரும்பகுதிக்குச் சாலையே கிடையாது என்பதால், பல இடங்களுக்குக் காட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஹோபார்ட்டிலிருந்து கிரேடில் மலைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். வளைந்து நெளிந்து செல்லும் அந்தப் பாதையில் ஒரு வழிக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏப்ரல் கடைசியில் அங்கே இலையுதிர்காலம், மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். போய்த் திரும்பவே எட்டு மணி நேரம் என்றால், மலையடிவாரத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டு இருட்டில் திரும்புவதுதான் மிஞ்சும்.

ஆகவே ஒரே ஊரில் தங்காமல் வட்டமாகச் சுற்றுங்கள். மெல்போர்னிலிருந்து விமானத்தில் லான்செஸ்டன் சென்று இறங்குங்கள். கிரேடில் மலையில் இரண்டு இரவு, மேற்குக் கரையில் ஸ்ட்ரான் என்ற துறைமுக ஊரில் ஓர் இரவு, ஹோபார்ட்டில் மூன்று, கிழக்குக் கரையில் ஃப்ரேசினே தேசியப் பூங்காவை ஒட்டிய கோல்ஸ் பே ஊரில் இரண்டு, மறுபடி லான்செஸ்டன். இதில் ஸ்ட்ரான் – ஹோபார்ட் நாள்தான் நீளமானது, 300 கிலோமீட்டர், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். குவீன்ஸ்டவுன் என்ற பழைய தாமிரச் சுரங்க ஊரைத் தாண்டியதும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறும். அதன் பின் நெடுந்தூரத்துக்குப் பெட்ரோல் நிலையமோ கைப்பேசித் தொடர்போ இருக்காது என்று எண்ணிக்கொண்டு அங்கேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த வாரம் அருமையான வாரம். டாஸ்மேனியாவில் மட்டுமே வளரும் ஃபேகஸ் என்ற சிறுமரம், குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் ஆஸ்திரேலிய மரங்களுள் அபூர்வமானது. ஏப்ரல் 25-இல் வரும், போர்வீரர் நினைவு நாளான அன்சாக் நாளை ஒட்டி அதன் சின்னஞ்சிறு, மடிப்பு மடிப்பான இலைகள் மஞ்சளாகிப் பின் செம்பாகின்றன. அதைப் பார்க்கவே உள்ளூர்க்காரர்கள் கிரேடில் மலைக்குப் போகிறார்கள். டவ் ஏரியைச் சுற்றியுள்ள ஆறு கிலோமீட்டர் நடைபாதையில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால் கண்ணில் படும். பகலில் சொந்த வண்டியை ஏரி வரை விடமாட்டார்கள். வரவேற்பு மையத்தில் நிறுத்திவிட்டுப் பூங்காவின் பேருந்தில் போக வேண்டும். பூங்காக்களுக்கெல்லாம் சேர்த்து, ஒரு வண்டிக்கும் அதில் வரும் எட்டுப் பேர் வரைக்கும் இரண்டு மாதம் செல்லும் விடுமுறைச் சீட்டு ஒன்று உண்டு. அதை வாங்கிவிட்டால் ஒவ்வொரு வாயிலிலும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: அங்கும் நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், சாலைகளும் காலியாக இருக்கும் என்கிறார்கள். அப்படியிருக்க, இரவில் ஓட்டக் கூடாது என்று எல்லோரும் பயமுறுத்துவது ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இடப்பக்கம்தான், ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் ஓட்டுநர் உரிமத்தையும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். சாலைகளும் காலிதான், ஆனால் பகலில் மட்டும். இருட்டியதும் அவை விலங்குகளின் சாலைகளாகிவிடுகின்றன. வாலபி என்னும் சிறு கங்காரு, அதனினும் சிறிய பேடிமெலன், மரமேறும் பாஸம் (possum), வளை தோண்டும் வாம்பட் என அத்தீவின் பாலூட்டிகளில் பெரும்பாலானவை இரவில்தான் மேய வருகின்றன. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் நரிகள் பெருகி இத்தகைய சிறு விலங்குகள் பலவற்றை அழித்துவிட்டன. டாஸ்மேனியாவில் நரி நிலைகொள்ளவில்லை. பெருநிலத்தில் இன்று காணக் கிடைக்காத டாஸ்மேனியப் பேடிமெலன் இங்கே முயலைப் போலச் சர்வசாதாரணம். காலையில் சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் உடல்களைப் பார்த்து உங்கள் மனம் கசியும். அவ்வளவு கிடக்கின்றன என்பதே அவ்வளவு வாழ்கின்றன என்பதற்கும் சான்று என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். கோல்ஸ் பேக்குப் போகும் வழியில் கடற்கரை ஒன்றில் நேரம் போனது தெரியாமல் நின்றுவிட்டு, கடைசி முப்பது கிலோமீட்டரை இருட்டில் ஓட்ட நேர்ந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகத் துணிவு வரவில்லை. விளக்கொளி படும் இடத்திலெல்லாம் புல்லுக்குள் இரண்டிரண்டு கண்கள் மினுங்கின. அருகில் போனதும் அந்தப் பேடிமெலன்கள் காட்டுக்குள் ஓடுவதற்குப் பதிலாக வண்டியின் குறுக்கே பாய்ந்தன. ஒன்றின் மீதும் ஏறவில்லை என்பது என் திறமையால் அல்ல.

நகருக்கு வெளியே தார்ச்சாலையில் பொதுவாக 100, சரளைச் சாலையில் 80 என்பது வேக வரம்பு. விலங்கு நடமாட்டம் மிகுந்த இடங்களில், அந்தி முதல் விடியல் வரை 65 என்று அறிவுறுத்தும் மஞ்சள் பலகைகளைக் காண்பீர்கள். அதை மதித்து நடப்பது நல்லது. வாடகை ஒப்பந்தத்தையும் எழுத்தெண்ணிப் படியுங்கள்: இரவில் விலங்கு மோதி ஏற்படும் சேதத்தையும் சரளைச் சாலையில் ஏற்படும் சேதத்தையும் காப்பீட்டிலிருந்து விலக்கிவைக்கும் ஒப்பந்தங்கள் பல உண்டு. மோத நேர்ந்துவிட்டால், பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இறந்தது பெண் விலங்கா என்று பாருங்கள். தாய் இறந்தும் வயிற்றுப் பையில் குட்டி உயிரோடு இருப்பதுண்டு. ஹோபார்ட்டுக்கு வடக்கே பிரைட்டனில் உள்ள போனராங் வனவிலங்குக் காப்பகம் இதற்காகவே இரவும் பகலும் இயங்கும் மீட்புத் தொலைபேசியை நடத்துகிறது; அந்த எண்ணைக் கிளம்பும்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: டாஸ்மேனியப் பேய் (Tasmanian devil) என்னும் விலங்கை இயற்கையான சூழலில் பார்க்க முடியுமா? வாம்பட்டையாவது பார்க்க முடியுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வாம்பட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கிரேடில் மலையில் ரோனி க்ரீக் என்ற ஓடையருகே, பிற்பகல் வெயில் தணிந்ததும் மேய வந்துவிடும். குட்டைக் கால்களும் பீப்பாய் உடம்புமாகத் தலை நிமிராமல் மேயும் அதன் பக்கத்தில் அசையாமல் நின்றால், புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் கூடக் கேட்கும். மரப்பலகை நடைபாதையின் மீதும் கல்லின் மீதும் கனசதுரமாக, பகடைக்காய் போல அது போட்டுவைத்திருக்கும் சாணத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். தொடாதீர்கள், எதுவும் ஊட்டாதீர்கள்; மனிதர் தரும் ரொட்டியால் வாலபிகளுக்குத் தாடை வீங்கி அழுகும் நோய் வருகிறது.

டாஸ்மேனியப் பேய் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. 1996-இல் தீவின் வடகிழக்கில் முதன்முதலில் கவனிக்கப்பட்ட முகக்கட்டி நோய், ஒன்றையொன்று கடிக்கும்போது தொற்றும் விசித்திரமான புற்றுநோய். சில பகுதிகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அவற்றை அது கொன்றுவிட்டது. இனம் அழியாதிருக்க, நோயற்ற சில பேய்களை 2012-இல் மரியா தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவை நன்றாகவே பெருகின. ஆனால் அங்கே சுமார் 3,000 இணைகளாக வாழ்ந்த குட்டிப் பெங்குவின் கூட்டம் ஒன்றுகூட மிஞ்சாமல் போயிற்று. ஒன்றைக் காக்கப் போய் இன்னொன்றை இழந்த இந்தக் கணக்கில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. டிரயபன்னாவிலிருந்து படகில் அந்தத் தீவுக்குப் போகலாம். வண்டியைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். பேயை உறுதியாகப் பார்க்க வேண்டுமென்றால் காப்பகங்கள்தான் வழி. இரை போடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அதன் உறுமலைக் கேட்டால் அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று விளக்க வேண்டியிருக்காது.

கேள்வி: நான் சைவம், மனைவி எல்லாம் சாப்பிடுவார். அங்கே என்ன கிடைக்கும்? ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போகலாமா?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் மனைவிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: ஸ்காலப் என்ற சிப்பிச் சதையை மஞ்சள் நிறக் கறிக் குழம்பில் வேகவைத்து, மாவு மேலுறைக்குள் அடைத்துச் சுட்ட 'பை' அந்தத் தீவின் சொந்தப் பண்டம். குழம்புக்குப் பெரும்பாலும் போடுவது கீன்ஸ் என்ற கறித்தூள். 19-ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனியாவில் குடியேறிய ஜோசப் கீன் என்ற ஆங்கிலேயர் கூட்டிய கலவை. ஹோபார்ட்டின் மலைச்சரிவு ஒன்றில் அதன் பெயரை வெள்ளைக் கற்களால் எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் நாக்குக்கு அதில் காரம் போதாது, மஞ்சளும் வெந்தயமும்தான் முன்னால் நிற்கும். ஆனாலும் குளிர்காற்று வீசும் படகுத்துறையில் கை சுடச்சுட அதைத் தின்பதில் தனிச் சுகம் உண்டு.

நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஹோபார்ட்டில் சனிக்கிழமை தோறும் சலமான்கா சந்தை கூடுகிறது. அதற்குத் தெற்கே ஹுவான் பள்ளத்தாக்கில் ஏப்ரலில் ஆப்பிள் அறுவடை நடந்துகொண்டிருக்கும். தோட்ட வாசலில் பைபையாக ஆப்பிளை வைத்துவிட்டு, பக்கத்தில் ஓர் உண்டியலை மட்டும் காவலுக்கு விட்டுப் போயிருப்பார்கள். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்வதுதான், சில்லறை வைத்திருங்கள். மேற்குக் காடுகளில் கோடையில் பூக்கும் லெதர்வுட் மரத்தின் தேனை ஒரு சொட்டு ருசித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாசனைத் திரவியம் போல மணக்கும் அதை எல்லோருக்கும் பிடிப்பதில்லை, எனக்குப் பிடித்தது. சிற்றூர் உணவகங்களில் சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலோடு நின்றுவிடக்கூடும் என்பதால், அடுக்களை உள்ள தங்கும் இடமாகப் பார்த்து எடுப்பது உத்தமம்.

ஊறுகாயையும் பொடியையும் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது வருகை அட்டையில் உணவு இருக்கிறது என்று குறிப்பிட்டுவிடுங்கள். கடையில் வாங்கி முத்திரை பிரிக்காததாக, உள்ளே இருப்பது என்ன என்று எழுதியிருப்பதாக இருந்தால் சோதிப்பவருக்கும் எளிது. பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பலர் மறப்பது இரண்டாவது சோதனையைத்தான். ஒரே நாடு என்றாலும், பழ ஈயும் பயிர் நோய்களும் நுழையாதிருக்க, மெல்போர்னிலிருந்து வருபவர்களிடமும் டாஸ்மேனியா பழம், காய்கறி எதையும் அனுமதிப்பதில்லை. லான்செஸ்டன் விமான நிலையத்தில் மோப்ப நாய் ஒன்று உங்கள் பையை முகர்ந்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டால், விமானத்தில் தின்ன வாங்கி மறந்துபோன வாழைப்பழத்தை அங்கிருக்கும் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.