வாசகர் கேள்வி – பதில்: பன்னாட்டு அறுவைச் சிகிச்சை ஆய்வில் இணைவது எப்படி?

கேள்வி: நடுத்தர மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை நிபுணராகப் பணியாற்றுகிறேன். ஆராய்ச்சிக்கெனத் தனி நிதியோ பணியாளரோ எங்களுக்கு இல்லை. பன்னாட்டு ஆய்வுகளில் சேர எங்கே தொடங்குவது? தரவை வாங்கிக்கொண்டு நம் பெயரை விட்டுவிடுவார்களோ என்ற தயக்கமும் உண்டு.

பதில்: புதிய கூட்டணியை நீங்களே உருவாக்க முனைவதைவிட, நடந்துகொண்டிருக்கும் கூட்டாய்வு ஒன்றில் ஒரு மையமாகச் சேர்வதே நல்லது. 2014-இல் தனது முதல் ஆய்வை நடத்திய, பல நாட்டு அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் இணைந்த குளோபல்சர்ஜ் கூட்டமைப்பு, ஒவ்வொரு மருத்துவமனையும் இரண்டு வார காலத்தில் அவசர வயிற்று அறுவைச் சிகிச்சை பெற்ற அனைவரையும் பதிவு செய்தால் போதும் என்றது. அப்படிச் சிறு குழுக்கள் திரட்டியதே 58 நாடுகளைச் சேர்ந்த 10,745 நோயாளிகளின் தரவாகத் திரண்டது.

உண்மையான உழைப்பு ஆய்வில் சேர்ந்த பிறகுதான். அறுவைக் காயத்தில் சீழ் வடிந்தால்தான் தொற்று என்று ஒரு மருத்துவமனையும், சிவந்தாலே தொற்று என்று இன்னொன்றும் குறித்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. ஐந்தாம் நாள் வீடு திரும்பியவருக்குப் பத்தாம் நாள் காயம் பழுத்திருக்கலாம். முப்பதாம் நாள் தொலைபேசியில் விசாரிக்காத மருத்துவமனையின் ஏட்டில் அவர் நலமாகவே இருப்பார். விசாரிக்காத மருத்துவமனை, அக்கறையோடு விசாரித்த மருத்துவமனையைவிடச் சிறந்ததாகத் தோன்றும் இந்த விபரீதம் பலருக்குப் புரிவதில்லை. ஆகவே, தொடர்ந்து விசாரிக்கும் பொறுப்பை முதலிலேயே ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

வசதி குறைந்த மருத்துவமனைகளால் தரமான ஆய்வு செய்ய இயலாது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றினால் தொற்று குறையுமா என்று சோதித்த சீட்டா ஆய்வு, பெனின், கானா, இந்தியா, மெக்சிகோ, நைஜீரியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் 81 மருத்துவமனைகளில் நடந்தது. தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்ததை 2022-இல் அது வெளியிட்டது.

உங்கள் தயக்கம் நியாயமானதே. குழுவின் பெயரில் வெளியாகும் கட்டுரையில் பங்கேற்ற ஒவ்வொருவரின் பெயரும் இடம்பெறுமா, உங்கள் மையத்தின் தரவை நீங்கள் தனியே ஆராயலாமா ஆகிய இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். நோயாளிகளின் நலனும் உரிமையும் காக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் அறநெறிக் குழு வெளிநாட்டில் அனுமதித்திருந்தாலும், உங்கள் மருத்துவமனையின் அறநெறிக் குழுவின் அனுமதி தேவைப்படும். அதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால் இப்போதே விண்ணப்பியுங்கள். எழுத்தில் உறுதி தர மறுக்கும் குழு எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் அதில் சேர வேண்டாம்.