கார்டு விற்ற காசும் வரியும்: கேள்வி பதில்

விளையாட்டு வீரர், கார்ட்டூன் படம் போட்ட சேகரிப்புக் கார்டுகளை விற்றால் வரும் அமெரிக்க மத்திய வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாநில வரி தனிக் கதை.

கேள்வி: சின்ன வயதில் சேர்த்த பேஸ்பால் கார்டுகளை 3,000 டாலருக்கு விற்றேன். விற்பனைத் தளம் அனுப்பும் வரவு விவரமான 1099-கே படிவம் எதுவும் வரவில்லை. அப்படியென்றால் வரி இல்லைதானே?

பதில்: படிவம் வராததற்கும் வரிக்கும் சம்பந்தம் இல்லை. ஆண்டு விற்பனை 20,000 டாலரையும் 200 பரிவர்த்தனைகளையும் தாண்டினால்தான் விற்பனைத் தளம் அதை அனுப்பியாக வேண்டும். லாபம் வந்திருந்தால் காட்ட வேண்டியது நீங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் அதிகபட்சம் 28 சதவீதம். பங்குகளுக்கு உள்ள 20 சதவீத உச்சவரம்பு சேகரிப்புப் பொருள்களுக்குக் கிடையாது. வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் வரித்துறை முழுத் தொகையையும் லாபமாக எடுத்துக்கொள்ளலாம், ஜாக்கிரதை.

கேள்வி: பணமே கைமாறவில்லை. என் போக்கிமான் கார்டைக் கொடுத்து நண்பரிடம் வேறொன்று வாங்கினேன். இதற்குமா?

பதில்: இதற்கும்தான். பண்டமாற்றுக்கு இருந்த சலுகை 2018 முதல் நிலம், கட்டடத்தோடு நின்றுவிட்டது. 50 டாலருக்கு வாங்கியதைக் கொடுத்து 400 டாலர் பெறுமானமுள்ள கார்டை வாங்கினால் 350 டாலர் லாபம். புதுக் கார்டின் அடக்கவிலை, அதாவது பின்னால் அதை விற்கும்போது லாபம் கணக்கிடக் கழிக்கும் விலை, 400 ஆகிவிடும். பேரம் பேசும் சூட்டில் இது யாருக்கு நினைவிருக்கும்? அதனால் இரண்டு கார்டையும் போனில் ஒரு படம் எடுத்து, அன்றைய விலையையும் குறித்துவிடுங்கள்.

கேள்வி: கிரேடிங் (கார்டின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று வாங்குவது), தபால், கண்காட்சிக்குப் போய்வந்த பெட்ரோல் எல்லாவற்றையும் கழிக்கலாமா?

பதில்: தொழிலாகச் செய்தால், தொழில் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தில் கழிக்கலாம். ஆனால் வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் சேர்ந்து வரும். பொழுதுபோக்கு என்றால் நிலைமை மோசம்: விற்ற கார்டின் அடக்கவிலை மட்டும்தான் கழியும், மற்ற செலவுக்கு 2018 முதல் இடமில்லை. வரவுக்கு மட்டும் வரி உண்டு! சரி, தொழில் என்று சொல்லிக்கொண்டால் போதுமா என்றால், போதாது. தனி வங்கிக் கணக்கு, ஒழுங்கான கணக்குப் புத்தகம், லாப நோக்கம் தெரிய வேண்டும். 5 ஆண்டில் 3 ஆண்டு லாபம் காட்டியவரைத் தொழில் செய்பவராகவே அனுமானிப்பார்கள்.

கேள்வி: நஷ்டத்துக்கு விற்றதைக் கழிக்கலாமா?

பதில்: ஆசைக்கு வைத்திருந்ததென்றால் முடியாது. முதலீடு என்றால் மற்ற மூலதன லாபத்தில் கழிக்கலாம். அப்புறமும் மிஞ்சினால் ஆண்டுக்கு 3,000 டாலர் வரை மற்ற வருமானத்தில்.

கேள்வி: அப்பாவின் கார்டுகள் எனக்கு வந்தன. அடக்கவிலை எது?

பதில்: அவர் உயிரோடு இருக்கும்போது கொடுத்ததென்றால், லாபத்துக்கு விற்கையில் அவர் வாங்கிய விலை. காலமான பிறகு வந்ததென்றால், அவர் இறந்த நாளின் சந்தை விலை.