ஒரே ஊதலில் எல்லாம் தெரிந்துவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பல வருடம் விறகடுப்பில் சமைத்தவர். இரண்டு மாதமாக இருமல், மாடி ஏறினால் இளைப்பு. இலவச முகாம் ஒன்றில் குழாயில் ஊத வைத்து, 'உங்கள் நுரையீரலுக்கு 80 வயது' என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். மூச்சை ஊதினாலே ஆஸ்துமா, டி.பி., கேன்சர் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறது ஒரு லேப். எடுக்கலாமா? போன மாதம்தான் கண்புரை ஆபரேஷன் ஆனது.

பதில்: அந்த லேப்பில் பணம் கட்டாதீர்கள். ஊதிப் பார்த்துக் கேன்சரைச் சொல்வதெல்லாம் இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. டி.பி.க்குச் சளியைக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அதுதான் முதல் வேலை. அரசு மருத்துவமனையில் இலவசம். கூடவே ஒரு மார்பு எக்ஸ்ரே. டி.பி. இல்லை என்று தெரிந்த பிறகு ஊதட்டும். பலமாக ஊதினால் இருமல் வரும், டி.பி. இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் பரவலாம்.

அம்மாவுக்கு வேண்டியது ஸ்பைரோமெட்ரி. எவ்வளவு காற்று, எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று அது அளக்கும். விறகுப் புகையால் மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் இதில்தான் பிடிபடும். மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளக்கும் டெஸ்ட் வேறு. அது ஒவ்வாமை வகை ஆஸ்துமாவுக்கு உதவும், இப்போது வேண்டாம்.

முகாமில் எத்தனை தடவை ஊதினார்? நன்றாக வந்த ஊதல் குறைந்தது மூன்று வேண்டும், அவை ஒன்றுக்கொன்று ஒத்தும் போக வேண்டும். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைக்க வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது யார் காத்திருப்பார்கள்? அரை மனதோடு ஊதினாலே அளவு குறைந்து 'நுரையீரல் வயது' ஏறிவிடும். பக்கத்து மேஜையிலேயே இன்ஹேலர் விற்றால், அது முகாம் இல்லை, கடை.

கண் விஷயம் முக்கியம். இந்த டெஸ்டில் முக்கி ஊத வேண்டும், அப்போது கண்ணிலும் அழுத்தம் ஏறும். புரை எடுத்த கண் ஆறியிருக்க வேண்டும். தையல் போட்டார்களா, போடவில்லையா, சொட்டு மருந்து முடிந்ததா என்றெல்லாம் நீங்களே கணக்குப் போடாதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம், 'பலமாக ஊதலாமா?' என்று நேராகக் கேளுங்கள். ஊத வைப்பவர் கேட்காமல் விட்டுவிடலாம், கண் ஆபரேஷனைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். கண் டாக்டர் இன்னும் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள். சளி டெஸ்டையும் எக்ஸ்ரேயையும் தள்ளிப் போடாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாயில் வைக்கும் குழாய் தீர்ந்துபோய் மாதக்கணக்கில் மெஷின் துணி மூடிக் கிடந்தது. ஒரு குழாய்க்கு எத்தனை கையெழுத்து! அதனால் முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். டெஸ்ட் அன்று காலையில் எடுக்கலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரிசல்ட்டை ஒரு வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள், ஊதியதைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃப் தாளையும் கேட்டு வாங்குங்கள்.