விரிசல் விட்ட குளியலறை டைல், அடியில் ஹீட்டிங் கம்பி

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு மாடிக் குளியலறையில் எலெக்ட்ரிக் ஹீட்டிங் மேட் விரித்து, மேலே போர்சலின் டைல் பதித்துக் கொடுத்தார்கள். இப்போது வாசலை ஒட்டி நான்கு டைலில் விரிசல். ஹீட்டிங் நன்றாகவே வேலை செய்கிறது. அந்த நான்கை மட்டும் மாற்ற முடியுமா? கம்பி அறுந்துவிடாதா? பதித்தவரைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: மாற்றலாம். ஆனால் விரிசல் எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் உளியைத் தொடாதீர்கள். ஒரே டைலில் நட்சத்திரம் போல வெடித்திருந்தால் கனமான ஏதோ விழுந்திருக்கிறது. நான்கையும் ஒரே கோடு கடந்து போனால் அடித்தரை அசைகிறது. மாடியில் பெரும்பாலும் மரப்பலகைத் தரைதான். அதன்மேல் பேக்கர் போர்டு என்னும் உறுதியான அடிப்பலகையோ, அசைவைத் தாங்கும் டிகப்ளிங் மேட்டோ இல்லாமல் டைல் பதித்தால் பலகை இணையும் இடத்தில் விரிசல் விடும். இந்த நிலையில் நான்கை மட்டும் மாற்றினால் அதே கோட்டில் மறுபடியும் வெடிக்கும். மொத்தத் தரையையும் எடுத்துச் சரிசெய்வதே மேல்.

ஆகவே உடைக்கும் முன் படம் எடுத்து, பதித்தவருக்கு எழுதுங்கள். உடைத்துவிட்டால் சாட்சியும் போய்விடும். நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015 இன்படி, வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கூடுதல் கட்டணமின்றித் திரும்பச் செய்து தரச் சொல்லலாம். அது நடக்காவிட்டால் கொடுத்த தொகையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். இங்கிலாந்தில் வழக்குப் போட ஆறு வருடம் அவகாசம் உண்டு. மேட் பதித்தபோது குறித்த ஓம் அளவுகளையும் (கம்பியின் மின்தடை) கேட்டு வாங்குங்கள். மேட் உத்தரவாதத்துக்குப் பல தயாரிப்பாளர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

விழுந்த பொருளால்தான் விரிசல் என்று தெரிந்தால், முதல் வேலை கம்பி போகும் வழியைக் கண்டுபிடிப்பது. தரை நன்றாகக் குளிர்ந்தபின் ஹீட்டிங்கைப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெப்பக் கேமராவால் பாருங்கள் (கருவி வாடகைக் கடைகளில் கிடைக்கும்). கம்பிகள் கோடுகளாகத் தெரியும். படம் எடுத்துக்கொண்டு டைல்மேல் குறியிடுங்கள். நேரமானால் வெப்பம் பரவிக் கோடு மங்கிவிடும்.

பிறகு மின்சாரத்தை மெயினிலேயே துண்டியுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மேட் கம்பிகளைத் தெர்மோஸ்டாட்டிலிருந்து கழற்றி அளக்கச் சொல்லுங்கள். 2 சதுர மீட்டர் மேட், சதுர மீட்டருக்கு 150 வாட் என்றால் மொத்தம் 300 வாட். 230 வோல்ட்டில் சுமார் 176 ஓம் வர வேண்டும். கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் இன்சுலேஷன் சோதனையும் அவசியம். உறை மட்டும் கிழிந்திருந்தால் ஓம் அளவு மாறாது. சாதாரண மல்டிமீட்டர் அதைக் காட்டிக் கொடுக்காது. ஈரமான அறையில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

கிரவுட்டை (டைல் இடுக்கை நிரப்பும் கலவை) முதலில் முழுவதும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு பக்கத்து டைலுக்குப் போகும். கிரவுட்டை வெட்டும் பிளேடு டைலின் கனத்தைத் தாண்டி இறங்கக் கூடாது. டைலை நடுவில் சிறு சுத்தியலால் உடைத்து, மெல்லிய உளியைப் படுக்கை வாட்டத்தில் பிடித்துத் துண்டு துண்டாக நெம்புங்கள். அடித்துத் துளைக்கும் எஸ்டிஎஸ் டிரில் வேண்டவே வேண்டாம். பழைய பசையைக் கம்பி தெரியும்வரை சுரண்டாதீர்கள். புதிய பசைக்கு 3 மில்லிமீட்டர் இடம் கிடைத்தால் போதும். ஒவ்வொரு டைல் எடுத்தபின்னும் ஓம் பாருங்கள். அறுந்தால் எந்த இடத்தில் என்று உடனே தெரிந்துவிடும். தயாரிப்பாளரின் ரிப்பேர் கிட் வைத்து அங்கேயே இணைக்கலாம்.

பையில் சி2 எஸ்1 என்று போட்ட, வளைந்து கொடுக்கும் பசையாக வாங்குங்கள். டைலின் அடி முழுக்கப் பசை படிய வேண்டும். காற்று தங்கிய இடத்தில் வெப்பம் வெளியேறாமல் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும். அங்கே டைலும் பலவீனம். கிரவுட் போட்டபின் மறுபடி இரண்டு சோதனைகளும்.

உடனே ஹீட்டிங்கைப் போட்டுக் காயவைக்கும் ஆசை வேண்டாம். பசை வெடித்து விட்டுவிடும். பையில் சொன்ன நாள்வரை, பெரும்பாலும் 7 முதல் 14 நாள், காத்திருங்கள். பிறகு 20 டிகிரியில் தொடங்கி, நாளுக்கு ஓரிரு டிகிரியாக ஏற்றுங்கள்.