எங்கள் கம்பெனிக்கு எந்த மொழி? – கேள்வி பதில்

19 வருடமாகச் சிறிய, நடுத்தர கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்து வருகிறேன். ஜாவாவில் தொடங்கி பிஹெச்பி, பைதான், கோலாங் எல்லாவற்றிலும் வேலை பார்த்தாயிற்று. புது ப்ராஜெக்ட்டை எந்த மொழியில் தொடங்குவது என்று வந்த கேள்விகளை இங்கே சேர்த்து எடுத்திருக்கிறேன்.

கோயம்புத்தூர்: அண்ணா, பம்ப் ஸ்பேர் பார்ட்ஸ் டீலர்களுக்கு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம். நாலு பேருக்கும் பிஹெச்பிதான் தெரியும். ரிப்போர்ட் ஸ்லோவா இருக்குன்னு முதலாளி எல்லாத்தையும் கோலாங்ல மாத்தச் சொல்றார். மாத்தலாமா?

வேண்டாம் தம்பி. நேரம் எங்கே போகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். இதே மாதிரி ஒரு இடத்தில் ஸ்டாக் ரிப்போர்ட் திறக்க 40 விநாடி ஆனது. குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) லாகைப் பார்த்தால், 1,200 பொருளுக்கும் லூப்புக்குள் தனித்தனி குவெரி. பட்டியலை எடுக்க ஒன்று, அதற்குமேல் 1,200. ஒரு பக்கம் திறக்க 1,201 முறை டேட்டாபேஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும் ஒரே குவெரியாக (ஜாயின்) மாற்றி, தேதியைச் சட்டென்று தேட ஒரு இண்டெக்ஸ் போட்டதும் ஒரு விநாடிக்குள் வந்துவிட்டது. அந்த லூப்பைக் கோலாங்கில் எழுதியிருந்தாலும் 1,201 முறைதான் போயிருக்கும்.

இன்னும் பிஹெச்பி 5.6-இல் இருக்கிறீர்களா? 2015 டிசம்பரில் வந்த 7-ஆம் பதிப்பே பல வேலைகளில் அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். ஃபேஸ்புக்கும் தன் பிஹெச்பி கோடைத் தூக்கிப் போடவில்லை. அதை வேகமாக ஓட்டத் தனியாக ஒரு எஞ்சின் செய்து, 2014-இல் அதிலிருந்தே ஹேக் என்ற மொழியை வளர்த்தார்கள். நாலு பேரும் ஆறு மாதம் புது மொழி படித்துக்கொண்டிருந்தால் டீலர் போனை யார் எடுப்பது?

சென்னை: சார், பேமெண்ட் பேக்எண்ட் புதுசா ஆரம்பிக்கிறோம். ஜாவாவா, கோலாங்கா?

உங்கள் வேலைக்கு ஜாவா என்பேன். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சுலபமாகக் கையாளலாம் என்பதுதான் கோலாங்குக்குப் போகப் பலர் சொன்ன காரணம். 2023 செப்டம்பரில் ஜாவா 21-இல் விர்ச்சுவல் த்ரெட் (ஆயிரக்கணக்கில் திறந்தாலும் சுமையாகாத இலகுவான த்ரெட்) வந்தபின் அந்த இடைவெளி மிகவும் குறைந்துவிட்டது. வங்கிகளோடு பேசும் ஐஎஸ்ஓ 8583 செய்திகளைக் கையாள ஜேபாஸ் மாதிரியான லைப்ரரி ஜாவாவில் பல வருடமாக அடிபட்டுத் தேறி நிற்கிறது. அதை நீங்களே எழுத உட்கார்ந்தால், பிழை ஒவ்வொன்றும் ஒருவருடைய பணத்தில் போய் முடியும்.

கோலாங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே பைனரி (ஓடத் தயாரான ஒரே ஃபைல்), சர்வரில் போட்டால் ஓடும். 2012-இல் 1.0 வந்தபோது, பழைய கோடு புதுப் பதிப்புகளிலும் ஓடும் என்று கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறார்கள். மொழியை நம்பி இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். நோட்டிஃபிகேஷன் அனுப்புவது, லாக் சேர்ப்பது போன்ற சின்ன சர்வீஸுக்கு நானே அதைத்தான் எடுப்பேன். ஜாவாவை எடுத்தால் ஒரு கட்டளை மட்டும்: 2014-இல் வந்த ஜாவா 8-இல் தொடங்காதீர்கள்.

திருப்பூர்: நோட் ஜேஎஸ்ல ஜிஎஸ்டி பில் போடறோம். சில பில்லுல ஒரு பைசா இடிக்குது. மொழியை மாத்தணுமா?

நோட் ஜேஎஸ் என்பது சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்தான், அதனால் பிரவுசர் கன்சோலில் 0.1 + 0.2 என்று அடித்துப் பாருங்கள். 0.30000000000000004 வரும். 1.005-ஐ டூஃபிக்ஸ்ட் (toFixed) போட்டு இரண்டு தசமத்துக்கு முடித்தால் 1.01 வராது, 1.00 வரும். கணினி இந்த எண்ணை இரும எண்ணாக வைக்கும்போது 1.005-க்கு ஒரு துளி குறைவாகத்தான் வைக்க முடிகிறது. உங்கள் ஒரு பைசா அங்கேதான் விழுகிறது.

மொழியை மாற்ற வேண்டாம். தொகையைப் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், அல்லது டெசிமல் லைப்ரரி போடுங்கள். டேட்டாபேஸில் தொகைக்கான நெடுவரிசையும் ஃப்ளோட்டாக (இப்படித் தோராயமாக வைக்கும் தசம எண்ணாக) இருக்கக்கூடாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: சி ஷார்ப்பில் டெசிமல் மொழிக்குள்ளேயே இருக்கிறது, ஜாவாவில் பிக்டெசிமல் இருக்கிறது. கணக்கு வழக்கு முழுநேர வேலை என்றால் இதுவும் தேர்வில் ஒரு மார்க். ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-க்கு மேல் போகும் முழு எண்ணும் நம்பகமில்லை. வங்கிக் கணக்கு எண்ணை எப்போதும் எழுத்துச் சரமாகவே அனுப்புங்கள்.

மதுரை: அடையாள அட்டை அடிக்கிற சாஃப்ட்வேர். தமிழ்ப் பெயர் சரியா வர்றதுக்கு எந்த மொழி நல்லது?

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். 'அம்மா' எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. பைதான் 3-இடம் கேட்டால் ஐந்து என்கிறது, ஏனென்றால் யூனிகோடில் புள்ளிக்கு ஒரு குறியீடு, துணைக்காலுக்கு ஒரு குறியீடு. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஐந்துதான். கோலாங்கில் நீளம் கேட்கும் லென் போட்டால் பதினைந்து. அது பைட்டுகளை எண்ணுகிறது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். நான் பார்த்தவற்றில் ஸ்விஃப்ட்டும் எலிக்ஸரும் நம்மைப் போல மூன்று என்று எண்ணுகின்றன.

பல வருடம் முன்பு நான் எழுதிய ஒரு ப்ரோக்ராமில் பெயருக்கு 20 இடம் என்று வெட்டினேன். தகப்பனார் பெயரோடு சேர்ந்து 21 ஆன ஒருவருக்குக் கடைசிப் புள்ளி விழுந்துவிட்டது. முருகேசன் 'முருகேசன' ஆகி, அட்டை அச்சாகி, கைக்கும் போய்விட்டது. அவர் திரும்பக் கொண்டுவந்து காட்டியபோது பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

இதற்காகவும் மொழி மாற்றத் தேவையில்லை. ஜாவாவில் பிரேக்இட்டரேட்டர், ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter), மற்றதில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ணும் கிராஃபீம் லைப்ரரி என்று வழி இருக்கிறது. ஆனால் தேர்வுக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, நீளமான பெயர், கிரந்த எழுத்து, 'கௌ', 'கொ' எல்லாம் உள்ள நூறு பெயரைப் போட்டு, வெட்டி, வரிசைப்படுத்தி, பிடிஎஃப்-ஆக அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலான மொழிகளின் பிடிஎஃப் லைப்ரரிகள் அங்கேதான் மண்ணைக் கவ்வுகின்றன. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஓசூர்: வண்டியில பொருத்துற ட்ராக்கர் கருவிக்கு சி-ல எழுதின கோடு இருக்கு. ரஸ்ட்ல முழுசா திரும்ப எழுதலாமான்னு யோசிக்கிறோம்.

ரஸ்ட்டுக்குப் போகலாம், திரும்ப எழுத வேண்டாம். ஆண்ட்ராய்டில் செய்ததைப் பாருங்கள். பழைய சி, சி பிளஸ் பிளஸ் கோடை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதைப் பெருமளவு ரஸ்ட் மாதிரியான நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்குத் திருப்பினார்கள். 2019-இல் அங்கே பாதுகாப்புக் குறைகளில் 76 சதவீதம் நினைவகப் பிழையால் (தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொடுவது போன்றவை) வந்தவை. 2024-இல் அது 24 சதவீதம். பழைய கோடில் உள்ள பிழைகள் வருடம் போகப் போகப் பிடிபட்டுக் குறைந்துவிடுகின்றன, புதுப் பிழைகள் புதுக் கோடில்தான் பிறக்கின்றன. வெளியிலிருந்து வரும் டேட்டாவைப் பிரிக்கும் பகுதியை முதலில் ரஸ்ட்டில் எழுதுங்கள். அதற்கு முன் உங்கள் சிப்புக்கு ரஸ்ட் ஆதரவு எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலம்: விற்பனையைக் கணிக்கிற மாடல் செய்யணும். பைதான் ஸ்லோன்னு சொல்றாங்களே?

பைதானையே எடுங்கள். நம்பை (NumPy) மாதிரியான லைப்ரரிகளில் கனமான கணக்கு உள்ளே சி-யில்தான் ஓடுகிறது. பைதான் மேலிருந்து ஏவுகிறது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணம்: அண்ணை, நாங்கள் ரெண்டு பேர்தான் இருக்கிறம். ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுக்கும் ஆப் செய்ய வேணும். கொட்லின், ஸ்விஃப்ட் தனித்தனியாப் படிக்கிறதோ, ஃப்ளட்டர் போதுமோ?

இரண்டு பேருக்கு, ஒரே கோடில் இரண்டு போனுக்கும் ஆப் தரும் ஃப்ளட்டர் போதும். புளூடூத் கருவி, பின்னணியில் ஓடும் லொகேஷன் போன்றவை ஆப்பின் உயிர்நாடி என்றால் மட்டும் கொட்லின், ஸ்விஃப்ட் பக்கம் போங்கள். அப்போதும் உங்கள் வாடிக்கையாளர் கையில் எந்த போன் அதிகமோ அதில் ஒன்றை மட்டும் முதலில் முடியுங்கள்.

சென்னை, டீம் லீட்: மூணு சீனியர். ஒருத்தர் ரஸ்ட், ஒருத்தர் கோலாங், ஒருத்தர் டைப்ஸ்கிரிப்ட். மீட்டிங் முடியவே மாட்டேங்குது. எப்படி முடிவெடுக்கறது?

2025 மார்ச்சில், டைப்ஸ்கிரிப்டில் எழுதியதைச் சோதித்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலரையே வேறு மொழிக்கு மாற்றுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்த வேலைக்குத் தலைவர் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க்; சி ஷார்ப்பை வடிவமைத்தவர். அவர் சி ஷார்ப்பை எடுக்கவில்லை, ரஸ்ட்டையும் எடுக்கவில்லை, கோலாங்கை எடுத்தார். கையில் இருந்த கோடின் அமைப்பை அப்படியே வைத்து, ஒவ்வொரு ஃபங்ஷனாகப் பெயர்த்து எழுத அதுதான் பொருந்தியது. ஒன்றையொன்று சுற்றிச் சுட்டும் டேட்டா அமைப்புகள் அதில் நிறைய. ரஸ்ட்டில் அதையெல்லாம் புதிதாக யோசிக்க வேண்டியிருந்திருக்கும். விஎஸ் கோட் என்ற எடிட்டரின் 15 லட்சம் வரியைச் சோதிக்க 77.8 விநாடி ஆனது 7.5-க்கு இறங்கியது. தான் பெற்ற மொழியையே ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்த்த மனிதர். உங்கள் மூவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

பிறகு மூவருக்கும் ஒரே வாரம் கொடுங்கள். ப்ராஜெக்ட்டிலேயே கடினமான மூலை எதுவோ, அந்தத் துண்டை மட்டும் அவரவர் மொழியில் முடிக்கட்டும். ஆறாம் நாள், டீமில் கடைசியாகச் சேர்ந்த பெண்ணையோ பையனையோ கூப்பிட்டு, மூன்றிலும் நீங்கள் வேண்டுமென்றே வைத்த ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்து சர்வரில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதியவர் அந்த நேரம் ஆஃபீஸில் இருக்கக்கூடாது. எதில் அவர் சாயங்காலத்துக்குள் முடிக்கிறாரோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.